பின்கதவுத் தாழ்ப்பாள்

கம்பைநல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்கதவைத் தாண்டினால் உடனே பஸ் போகிற ரோடு. நடக்கத் தொடங்கிய மகளை வைத்துக்கொண்டு அதைத் திறந்து போட முடியாது. பகலிலும் மேல் தாழ்ப்பாளைப் போட்டே வைத்திருப்பேன். கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். குழந்தைக்காக நான் பள்ளி வேலையை விட்டிருந்தேன். ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். அவர் கணவருக்கு மரவேலை. இரண்டு வீட்டுப் பின்முற்றத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். ஒருநாள் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: “டீச்சர், பாப்பா தனியா மாடிப்படி ஏறுது. ஒரு தட்டி வச்சு அடைங்க.”

அன்றைக்கு எனக்குத் தூக்கம் போதவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. “எம் புள்ளைய வளக்க எனக்குத் தெரியுங்க. நீங்க உங்க வூட்டப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் “சரிங்க” என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. படிக்கு மட்டும் மறுநாளே பழைய மேசையைக் கவிழ்த்து அடைத்தேன், அவர் முற்றத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அது நடந்தது மழைக்காலத்தில், ஒரு முற்பகல். பாலை அடுப்பில் வைத்திருந்தேன். தூறல் விழும் சத்தம் கேட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்முற்றத்துக்குப் போனேன். கை நிறையத் துணியோடு திரும்புகிறேன், கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மகள் சிரிக்கும் சத்தம். தள்ளிப் பார்த்தேன். திறக்கவில்லை. அந்தக் கதவின் தாழ்ப்பாள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. அவள் அதைத் தள்ளி மாட்டியிருந்தாள்.

“பாப்பா, அத இழு தங்கம். உம் பக்கமா இழு” என்றேன். அவளுக்கு அது விளையாட்டு. கதவை உள்ளிருந்து தட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள். பால் பொங்கி வழிந்து தீய்கிற வாடை வந்தது.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நானோ தோளில் கிழிந்த நைட்டியோடு நின்றிருந்தேன், மேலே போர்த்த ஒரு துண்டுகூட இல்லை. இந்தக் கோலத்தில், அதுவும் அவரிடம் போய் என் பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டது என்று எப்படிச் சொல்வது? சத்தம் வராமல் தோளால் கதவை முட்டினேன். ஒரு கதவைச் சத்தமில்லாமல் உடைத்துவிடலாம் என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

அக்காவே எட்டிப் பார்த்தார். “என்னங்க, கதவு மாட்டிக்கிச்சா?”

“இல்லீங்க. ஒன்னுமில்ல” என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடையோடு வேறு வாடையும் சேர்ந்தது. பொங்கிய பால் அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. சமையலறையும் கூடமும் ஒரே அறை, நடுவே சுவர் கிடையாது. அப்புறம்தான் கத்தினேன். “அக்கா” என்று ஒருமுறை கத்தியதற்கே அவர் சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போட்டார். வாடை பிடித்ததும் முகம் மாறிவிட்டது.

“முன்னாடி ஓடிப் போய் மெயின ஆஃப் பண்ணு. காலிங் பெல்ல தொட்டுடாத” என்றார். என்னை அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

மீட்டர் பெட்டி வாசலில் இருந்தது, வீட்டை ஒட்டிய சந்து வழியாக ஓடினேன். நான் அணைத்துவிட்டு வருவதற்குள் அவர் பக்கவாட்டு ஜன்னலில் நின்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “பாப்பா, இங்க வா. இங்க பாரு, கொலுசு பாரு.” தன் காலில் இருந்த கொலுசைக் கழற்றி, கம்பிக்குள் கைவிட்டு ஆட்டினார். அழுதுகொண்டே அவள் வந்தாள். ஜன்னலை ஒட்டிக் கிடந்த கட்டிலில் ஏறச் சொல்லி, அவள் ஏறியதும் கையைப் பிடித்துக்கொண்டார். “மூஞ்சிய இப்புடி வெளிய வை. காத்து வருது பாரு.” நான் பக்கத்தில் போனதும், “நீ அழுவாத. நீ அழுதா அது கட்டில வுட்டு எறங்கிடும்” என்றார்.

அவர் கணவரும் எதிர்வீட்டு ஆள் ஒருவரும் பின்பக்கம் ஓடிவந்தார்கள். யாரோ கடப்பாரையை நீட்டினார்கள். “இரும்பு வேணாம், பொறி பறக்கும்” என்று அக்காவின் கணவர் அதைத் தள்ளிவிட்டுத் தோளாலேயே மோதினார். மூன்றாவதோ நான்காவதோ மோதலில் தாழ்ப்பாள் மரத்தோடு பெயர்ந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் சிலிண்டரை மூடினார். முன்கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டார்.

மகளை என் கையில் கொடுத்தபோது அவளுக்கு ஒன்றுமில்லை. கொலுசை விடவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் தெரு வீட்டுக்குள் வந்தது. கழுவாத பாத்திரங்கள், கட்டிலில் மலைபோல் கிடந்த துணி, மூத்திர ஈரம் காயாத பாய் எல்லாவற்றையும் பார்த்தார்கள். “படிச்சவங்க வூடு” என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. பிள்ளை பிழைத்து என் தோளில் கிடக்கிறது, நானோ அந்தப் பாயைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதை அக்கா பார்த்தார். “பாத்தது போதும், போங்க எல்லாரும். காத்து வரட்டும்” என்று அவர்களை அனுப்பினார்.

சனிக்கிழமை வந்த கணவரிடம் கதவு உடைந்ததைச் சொன்னேன். அக்கா கேட்டபோது நான் சொன்ன பதிலைச் சொல்லவில்லை. அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை என்பது தெரிந்தபோது இன்னும் கூசியது. அவர் முற்றத்தில் இருந்தால் நான் வெளியே வரமாட்டேன். அவர் கணவர் கதவைச் சரிசெய்து, என் தலைக்கு மேல் புதுத் தாழ்ப்பாள் வைத்த அன்றும் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளேயே இருந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த சேலையோடு அக்கா பின்பக்கமாக வந்தார். உட்கார்ந்தார். நான் கேட்பதற்குள் அவரே தொடங்கினார்.

“அன்னைக்கு நீ ஒன்னுமில்லன்னு சொன்ன இல்ல, எனக்கு அப்பவே பால் தீயிற வாசம் வந்துச்சு. புள்ள அழுவறதும் கேட்டுச்சு. தெரிஞ்சுதான் உள்ள போனேன். அவளே கூப்புடட்டும்னு இருந்தேன்.”

நான் மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

“நீ கூப்புடாம வுட்டிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. தெனம் அதே நெனப்பா இருக்குது” என்றார்.

உங்கள்மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் என்னுடையதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும். “காப்பி குடிக்கிறீங்களா” என்றுதான் கேட்டேன். அவர் தலையாட்டினார். அடுப்பருகே போய்ப் பாலை வைத்தேன். அது காய்கிறவரை நகராமல் அங்கேயே நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் மகளோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.