நடையில் நிறுத்திய செருப்பு அலமாரி

மலையாய் நின்று, வலம் வருவோரின் பாதங்களுக்கெல்லாம் வழியாகவும் விரிந்து கிடக்கும் அண்ணாமலைப் பெருமானே, சொல்லப் புகுந்த இச்சிறு செய்தியில் பொய் கலவாமல் காத்தருள்வாயாக.

வைகாசி மாதம், வளர்பிறைப் பஞ்சமி, பூச நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், அந்த நாளில்தான் எங்கள் வீட்டு நடையில் செருப்பு அலமாரியை நிறுத்தினோம். செருப்பு வைக்கும் மரப்பெட்டிக்குப் பஞ்சாங்கம் பார்த்தவர் இவ்வூரில் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். அப்போது தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மாலையில் கோயிலில் பதிகம் ஓதுவோருடன் அமர்வேன். எதையும் நாள் பாராமல் தொடங்கும் வழக்கம் எனக்கில்லை.

எங்கள் வீடு தேர் ஓடும் வீதியிலிருந்து பிரியும் சந்தில், வடக்குப் பார்த்தது. வாசற்கதவைத் திறந்தால் நீண்ட, குறுகிய நடை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது இடப்பக்கம் வெறுஞ்சுவர். வலப்பக்கச் சுவருக்கு அப்பால் பூஜை அறை. அந்தச் சுவரில் முதுகு சாய்த்தாற்போல் சுவாமி கிழக்கு நோக்கி இருந்தார். பெரிய கோயிலில் மூலவர் கிழக்கு நோக்கியவர் என்பதால் என் தந்தை அவ்வாறே அமைத்தார்.

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் உறவினர் பலர் கிராமங்களிலிருந்து வருவர். மலை சுற்றுவது வெறுங்காலோடு என்பதால் செருப்பையெல்லாம் எங்கள் நடையில் விட்டுப் போவர். டயர்ச் செருப்பு, ரப்பர்ச் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியது என நடை முழுவதும் கிடக்கும். அதைத் தாண்டித்தான் என் அக்கா கோயிலுக்குப் போயாக வேண்டும்.

அக்கா கணவரை இழந்தபின் எங்களோடு இருந்தாள். கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. இழந்தது திரும்பாது என்று வேலூரில் மருத்துவர் சொல்லிவிட்டார். வெயில் வெளிச்சத்தில் ஆள் உருவம் தெரியும். இருண்ட நடையில் ஒன்றும் தெரியாது. பல்பு மாட்டியும் பயனில்லை. ஆயினும் தினமும் காலையில் குளித்து, தானே தொடுத்த பூவைக் கூடையில் எடுத்துக்கொண்டு அம்மன் சந்நிதிக்குத் தனியாகப் போய்வருவாள். அம்மனுக்குப் போகும் பூ என்பதால் கூடை எப்போதும் வலக்கையில், இடக்கை சுவரில். அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிகளைச் சுவர்தான் அவளுக்குக் காட்டியது. தெருவை அடைந்துவிட்டால் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும்.

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை யாரோ விட்டுப்போன செருப்பில் இடறி விழுந்தாள். நெற்றி வீங்கியது, பூ சிதறியது.

"இனிமே தனியா போவ வேணாம் அண்ணி. பூவ குடுத்தனுப்பலாம்" என்றாள் என் மனைவி.

"பூ போனா போதுமா? நான் போவ வேணாவா?" என்றாள் அக்கா. "கண்ணுதான் போச்சி. காலு இருக்குதில்ல?"

அவளுக்கென்று ஒரு நாளில் எஞ்சியிருந்தது கோயிலுக்குப் போய்வருவது ஒன்றுதான். அதையும் நிறுத்தினால் வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஆகவே செருப்புகளுக்கு ஓர் இடம் செய்வது என்று தீர்மானித்தேன்.

அப்போதுதான் வீட்டுக்கு இரும்பு பீரோ வந்திருந்தது. மனைவியின் கல்யாணச் சீரில் வந்த மரத் துணி அலமாரி காலியாக நின்றது.

"என் சீர் அலமாரியில ஊரான் செருப்பா? எங்கப்பா கேட்டா சந்தோஷப்படுவாரு" என்றாள்.

"உங்கப்பா செருப்புந்தான் அதுல இருக்கப்போவுது" என்றாள் அக்கா உள்ளிருந்து. மனைவி சிரித்துவிட்டாள், அதையே சம்மதமாகக் கொண்டேன்.

தச்சர் வந்து நடையை அளந்தார். "இம்மாம் ஆழத்த வெச்சா ஆளு போவ முடியாதுங்க. பாதிக்குமேல அறுத்துடலாம்" என்றார். அறுத்தார். பக்கப்பலகைகளைக் குறுக்கி, பின்பலகையை முன்னே கொண்டுவந்து அடித்தார். துணி மாட்டும் கம்பியைக் கழற்றினார். தட்டுகளுக்குப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்டுச் சட்டங்களைச் சாய்வாக அடித்தார். குறுகிய ஆழத்திலும் செருப்பு சரிந்து நிற்கும், மண் கீழே உதிரும். அடியில் ஒரு தகரத் தட்டு. வாரத்துக்கு ஒருமுறை இழுத்துக் கொட்டினால் போதும். கீழ்த்தட்டு கிராமத்து டயர்ச் செருப்புக்கு, அதற்கு மேல் விருந்தினர்களின் மற்றச் செருப்புகள், அதற்கும் மேல் வீட்டாருடையவை. இடுப்புக்கு மேலே செருப்பு ஏறக்கூடாது என்று நான் விதித்தேன். திருநீற்றுத் தட்டோடு போகிறவர் முகத்துக்கு நேரே செருப்பு இருப்பது தகாது. மேலே குடையும் டார்ச் விளக்கும் வைத்தோம்.

எந்தச் சுவரில் நிறுத்துவது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. வலச்சுவருக்குப் பின்னால் சுவாமி. அவர் முதுகில் செருப்பை அடுக்கலாகாது. இடச்சுவரில் நிறுத்தி, நல்ல நேரம் முடிவதற்குள் கதவுகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். வந்தவரெல்லாம் புகழ்ந்தனர். தரையில் ஒரு செருப்பு கிடையாது.

மறுநாள் அக்கா கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். ஒரு வாரம் பூவை மனைவி கொண்டுபோனாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு காலை, நான் கூடத்தில் திருநீறு இட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கூடையோடு நடைக்குள் போவதைக் கண்டேன். இடக்கையைச் சுவரில் வைத்து நகர்ந்தாள். சுவர் முடிந்து மரம் தொடங்கியது. கை தடவித் தடவிப் போயிற்று. சரியாகச் சாத்தாத கதவுக்குள் நுழைந்து ஒரு செருப்பின் மேல் விழுந்தது. சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். சற்று நின்றாள். பின் திரும்பிக் கிணற்றடிக்குப் போய், அன்று இரண்டாம் முறையாகத் தலையில் நீர் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினாள்.

அவள் ஈரத்தலையோடு வந்ததும், "அக்கா, முட்டி வலின்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

"முட்டிக்கு ஒண்ணும் இல்லடா. செருப்பு வெச்ச பொட்டிய தொட்ட ஒடம்போட பூவ எப்பிடி குடுக்கறது? தொடாம போவலாம்னா நடுவுல நிக்கறேன், வாசல் எந்தப் பக்கம்னு தெரியல. நீ ஆசையா செஞ்ச, நான் என்னத்த சொல்றது?"

அவள் விழக்கூடாது என்று செய்த பெட்டி அவளை வீட்டுக்குள் அடைத்துவிட்டது. சுவாமியின் முதுகை நினைத்தவன் அவள் கையை நினைக்கவில்லை. அலமாரியை அன்றே வலச்சுவருக்கு மாற்றுகிறேன் என்றேன். அக்கா ஒப்பவில்லை.

"சாமி முதுகுல செருப்பா? அப்பா வெச்ச எடம்டா அது. நான் போவலன்னா ஒண்ணும் கொறஞ்சிடாது."

மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏங்க, பத்து நாள் வாகனம் ஏறி ஊர சுத்துற சாமி, பூஜ ரூமுல இந்த செவுத்துலேர்ந்து எதிர் செவுத்துக்கு வரமாட்டாரா?"

"எதிர் செவுத்துக்குப் போனா மேற்கு பாப்பாரு. செருப்பு நேர் எதிர்ல வரும்" என்றேன்.

"கோயில்ல எங்க விடுறோம்? கோபுரத்துக்கு எதிர்லதான் விட்டுட்டு உள்ள போறோம். கோயிலுக்குப் பின்னால போயா விடுறோம்?"

அக்கா சற்று யோசித்து, "அவ சொல்றது சரிதான்டா" என்றாள். "பெரிய கோயில்லயே எதிர்லதான் விடுறோம்."

மறுவாரம் நாள் பார்த்துச் சுவாமி படங்களையும் விளக்கையும் எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். தந்தை அடித்த மரப்பலகையைக் கழற்றி அதே ஆணிகளால் எதிரே அடித்தேன். அலமாரி வலச்சுவருக்குப் போயிற்று. கிழக்கு நோக்கி அமர்ந்து ஓதுவது புதிதாக இருந்ததால் முதல் சில நாட்கள் மனப்பாடமான பதிகத்திலேயே அடி தவறினேன். பிறகு பழகிவிட்டது.

அலமாரி மாறியதற்கு மறுநாள் காலை அக்கா புறப்பட்டாள். வலப்பக்கம் அலமாரியில் கூடை உரசாதபடி மார்போடு அணைத்துக்கொண்டாள். இடக்கை வெறுஞ்சுவரில் தொடக்கம் முதல் வாசல் வரை தடையின்றிப் போயிற்று. நான் பின்னால் போகவில்லை, கூடத்திலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள்.

"இன்னிக்கி கூட்டம் ஜாஸ்தி" என்றாள். "காப்பி இருக்குதா?"

எண்பதுகளின் நடுவில் படுக்கையில் விழும்வரை, உடல் நலமாயிருந்த நாளெல்லாம் அவள் போய்வந்தாள்.

இதைப் படிப்போர் வீடுகளில் முதியோர் நடக்கும் வழி தடையற்று இருக்கட்டும். அவர்கள் கை நீட்டிய இடத்தில் பற்றுவதற்கு ஏதேனும் கிடைக்கட்டும். அண்ணாமலையான் அருளால் அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க.