மண்டபத்துக் குழியும் நைனாவின் டேங்கரும்

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு லோடு என்று பெயர். நைனா சித்தூரில் டேங்கர் லாரி வைத்திருக்கிறார். அந்த டேங்கர் ஓடித்தான் நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆனேன். படிப்பு முடிந்து சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்த பிறகும், பொண்ணு என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "செடி வெக்கிது" என்றுதான் சொல்வார். மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதுதான் என் வேலை என்று நூறு தடவை சொல்லியாயிற்று. இறக்கிவிட்டால் டேங்கரை யார் கூப்பிடுவார்கள் என்பது அவருக்கு முதல் தடவையே புரிந்திருக்கும். புரியாத மாதிரி இருந்துகொண்டார்.

சென்னை வேலையை உதறிவிட்டு வந்து தனியாக எடுத்த முதல் வேலை, புத்தலப்பட்டு போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். எந்த மண்டபம் என்று நைனாவிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதலாளிக்கு வாசலில் அன்னப்பறவை வைத்த ஃபவுண்டன் வேண்டும். அவருடைய போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. வாசலை ஒட்டித் தகரம் போட்டு மூடிய பழைய கிணற்றில் சேறும், அதன்மேல் யாரோ எப்போதோ வீசிய சிவப்புப் பெயிண்ட் அடித்த இரும்பு நாற்காலியும் கிடக்கின்றன. இந்த லட்சணத்தில் ஃபவுண்டன்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடக்கிக்கொண்டு படம் வரைந்து காட்டினேன். கூரைத் தண்ணீர் முழுக்க வாசலில் ஒரு தோட்டக் குழிக்கு வரும், அடியில் மணலும் ஜல்லியும் இருக்கும், ஒரே நாளில் தண்ணீர் பூமிக்குள் போய்விடும், பக்கத்துக் கிணறு ஊறும். அவர் தலையாட்டினார். அது காபி கொண்டுவந்தவருக்கு ஆட்டிய தலை என்பது பிறகுதான் தெரிந்தது. இது சரியாக வந்தால் திருப்பதியில் கட்டப்போகிற லாட்ஜும் உனக்கே, வராவிட்டால் குழியை மூடிக் கார் நிறுத்துவேன் என்றார். எனக்கோ கையில் வேறு வேலை கிடையாது.

முதல் மழையில் குழி நிரம்பியது. முதலாளி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து, எங்கள் மண்டபத்துக்கே கங்கை வந்துவிட்டது என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன்.

"போயிடுச்சிம்மா. குளம் கட்டச் சொன்னா சல்லடை கட்டிக் குடுத்திருக்கியே."

போவதற்குத்தான் கட்டினேன் என்று அரை மணி நேரம் விளக்கினேன். "சரே, சரே" என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த மூன்று வாரத்தில் நாலைந்து மழை பெய்தது. ஒவ்வொரு முறையும் குழி நிரம்பி வற்றியது, ஒவ்வொரு முறையும் போன் வந்தது. அப்புறம் போன் நின்றது. மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன், மடச்சி.

ஒரு வியாழக்கிழமை நைனாவிடமிருந்து போன் வந்தது. அவர் வண்டியிலிருந்து பேசினால் கத்தித்தான் பேசுவார்.

"நம்ம லோடு போற ரோட்டு மண்டபத்துல எவனோ குழி தோண்டி வெச்சிக்கிறான் கண்ணு. நாலு லோடு ஊத்திட்டேன், குடிச்சிக்கினே கீது. நாளைக்கி மண்டபத்து மொதலாளியோட சம்பந்தி வூட்ல மண்டபத்த பாக்க வராங்களாம், வாசல்ல காஞ்ச குழி கீறது அபசகுனமாம். மேஸ்திரிய வெச்சி அடியில சிமெண்ட் பூசிக்கினு கீறாரு."

"நைனா, அந்தக் குழி நான் போட்டது."

நைனா பிரேக் போட்டு வண்டியை ஓரம்கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?" என்றார்.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். பாதிக் குழி பூசியாகிவிட்டது. மேஸ்திரி ஈரச் சிமெண்டில் தாமரைப்பூ வேறு வரைந்துகொண்டிருந்தார். நான் செருப்போடு அந்தத் தாமரையில் இறங்கி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சம்பந்தி முன்னால் என் மானம் போனால் நீயா கொடுப்பாய், நாளைக்கே மூடிவிடுகிறேன், லாட்ஜையும் மறந்துவிடு என்று முதலாளி பதிலுக்குக் கத்தினார். அழுதால் தொலைந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நைனா ஐந்தாவது லோடோடு வந்து ஓரமாக நின்றிருந்தார். எங்களைப் பார்க்காமல் நேராகக் கிணற்றுக்குப் போய்த் தகரத்தை நகர்த்தி எட்டிப் பார்த்தார். திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் செவப்பு நாற்காலி எங்க?"

எல்லோரும் போய்ப் பார்த்தோம். நாற்காலி முழுகியிருந்தது. தெளிந்த தண்ணீரில் ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே சிவப்பாகத் தெரிந்தது. முதலாளி ஒரு கல்லை எடுத்துப் போட்டார். டுபுக் என்றது. இன்னொரு கல் போட்டார். மேஸ்திரிக்கும் ஆசை வந்து ஒன்று போட்டார். பிறகு முதலாளி என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு, சிமெண்டை உடை என்று மேஸ்திரியிடம் எரிந்து விழுந்தார். அப்படியே நைனா பக்கம் திரும்பி, கல்யாணத்துக்கு எத்தனை லோடு தேவைப்படும் என்று கேட்டார்.

அந்த மண்டபத்தின் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நைனாவின் டேங்கர்தான். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"வாணாம்ங்க," என்றார் நைனா. "கெணத்துலயே கீது."

அன்று எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் டேங்கரின் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியில் இருக்கிற லோடை என்ன செய்வது என்று கேட்டார். குழியிலேயே விடுங்கள் என்றேன். சிமெண்ட் பூசாத பக்கமாகப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்துவிட்டு, எத்தனை நேரத்தில் போகும் என்று விசாரித்தார். காலைக்குள் போய்விடும் என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. மறுபடியும் முதலாளிதான் என்று திட்டத் தயாராகிக்கொண்டு எடுத்தேன். நைனா. மண்டபத்து வாசலில் நின்று பேசினார்.

"போயிடுச்சி கண்ணு," என்றார். "ஒரு சொட்டு இல்ல."