குரல் இருக்கும் கட்டடம்

திங்கட்கிழமை காலை, மயிலாப்பூர் குளத்தோரம் வாழையிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது என் போன் வாளிக்குள் விழுந்தது. என் மனைவி கன்னியம்மாள் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. அவள் இறந்து வியாழனோடு ஒரு வருடம். சாம்பலைப் பெசன்ட் நகர் கடலில் கரைத்தாயிற்று. அடையாற்றங்கரையில் நாங்கள் வாழ்ந்த வீட்டை இடித்து, எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நினைவு நாளில் ஒரு முழம் பூ வைத்து நிற்க எனக்கு இடம் இல்லை.

தி. நகரில் போன் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரிடம் போனேன். அவர் வேறொரு பழைய போனில் என் சிம்மைப் போட்டு ஏதேதோ தட்டினார். பதிவுகள் எல்லாம் வந்துவிட்டன.

"செத்த போன்ல இருந்தது இதுல எப்டி வந்திச்சி?"

"போன்லயா இருந்துச்சு? கிளவுடுல்லா இருக்கு. வானத்தப் பாக்காதீரும். எங்கயோ ஒரு கட்டடத்துல, மிஷினுக்குள்ள கெடக்கும்."

"எந்தக் கட்டடம்?"

சிரித்தார். ஆனாலும் கம்ப்யூட்டரில் பார்த்தார். "அந்த மிஷின்ட்ட கேட்ட ஒடனே பதில் வருது. அப்பம் பக்கத்துலதான் இருக்கணும். தரமணின்னு காட்டுது, அண்ணாச்சி."

எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

வியாழன் காலை பத்து மணி. இரண்டு முழம் கனகாம்பரம், எண்பது ரூபாய். திருமயிலையிலிருந்து தரமணிக்கு ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய். கோட்டூர்புரத்துக்கு முன் ரயில் அடையாற்றைக் கடந்தது. எங்கள் வீடு இருந்த பக்கம் இப்போது கம்பி வேலிதான் தெரிகிறது.

கிளவுடு மிஷின் இருக்கும் கட்டடம் எது என்று ஸ்டேஷனிலிருந்து விசாரித்து விசாரித்து நடந்தேன். சன்னலே இல்லாத சாம்பல் நிறக் கட்டடம். பெயர்ப் பலகையும் இல்லை. உள்ளே ஓயாத இரைச்சல். கேட்டில் செக்யூரிட்டி நின்றிருந்தார்.

"இன்னா நைனா, பூவோட வந்துகீற?"

"எங்க வூட்டம்மா பேசினது இங்க கீதாம்."

"வூட்டம்மா பேசினதா? அது உன் காதுல கீதா பாரு மொதல்ல!" என்று சிரித்தார்.

அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் டீ குடிக்க வெளியே வந்தார். செக்யூரிட்டி அவரிடம் என்னைக் காட்டினார். போன் கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சார், சீக்கிரம் பதில் வருதுன்னா, வாசல் இங்க இருக்குன்னுதான் அர்த்தம். பொருள் பம்பாய்ல இருக்கலாம், சிங்கப்பூர்ல இருக்கலாம். நாலஞ்சு எடத்துல காப்பி இருக்கும். எந்த மிஷின்ல இருக்குன்னு எங்களாலயே சொல்ல முடியாது."

தலையாட்டினேன். பூவைக் கேட்டில் மாட்டலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அந்தப் பெண் போனபின் சுவரோரம் ஒதுங்கி, போனைக் காதருகே வைத்து கன்னியம்மாளின் கடைசிப் பதிவை அழுத்தினேன். சத்தம் பெரிதாக வந்துவிட்டது.

"யோவ், எங்க கீற? வானம் இருட்டிக்கினு வருது. சீக்கிரம் வா."

நாலு பேர் நடுவில் போனில் பேசக் கூசுகிறவன் நான். அன்று வாய்விட்டுச் சொன்னேன்: "தரமணில கீறன்."

"பாத்தியா, தேடறாங்க!" என்றார் செக்யூரிட்டி. "கெளம்பு நைனா. பூ வாடிடப் போவுது."

"ஆமா" என்று சொல்லிவிட்டு, பெரும்பாக்கம் பஸ் பிடிக்க நடந்தேன். பூ கையிலேயே இருந்தது.