உறுத்தாத ஒன்பது பாட்டு

என் தாய்மாமாவின் ஆம்ப்ளிஃபயரில், வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தது. போட்டவர் மாமா, நகப்பூச்சு அத்தையுடையது. அந்தக் கோட்டைத் தாண்டினால் என் காது தாங்காது என்பதற்கான அடையாளம் அது. மாரண்டஹள்ளியைச் சுற்றிக் கல்யாணம், பண்டிகை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மாமாவின் மைக் செட்தான். ஐந்து ஊருக்குக் கேட்கிற மாதிரி குழாய் கட்டுகிறவர் என்று பெயர் எடுத்தவருக்கு, மிக்ஸி ஓடினாலே கொல்லைக்கு ஓடுகிற நான் அக்கா மகளாக வாய்த்தேன். கடவுளுக்குக் குசும்பு அதிகம்.

என் மாதிரி ஆட்களுக்கு இப்போது மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது அதற்குக் 'கொழுப்பு' என்று பெயர். குக்கர் விசிலும் பள்ளிக்கூட மணியும் எனக்குக் காதில் கேட்காது, உடம்பில் கேட்கும். சோற்றில் கல் கடிபட்டால் தலைவரைக்கும் கூசுமே, அது நாள் முழுக்க இருந்தால் எப்படியிருக்கும்? யாரிடம் சொன்னாலும், "பஞ்ச வச்சுக்கோ" என்பார்கள். பஞ்சு வைக்காமலா இருந்தேன்!

பதின்மூன்று வயதில் பெரியவளானேன். வழக்கப்படி மாமா பச்சைத் தென்னை ஓலையில் தடுப்புக் கட்டினார். ஒன்பது நாள் நான் அதற்குள். பத்தாம் நாள் சடங்கு. எனக்குச் சடங்கே வேண்டாம் என்று அழுதேன். மாமனே மைக் செட்காரன், பாட்டில்லாமல் சடங்கு செய்தால் ஊர் சிரிக்கும் என்றார் அப்பா. ஓலைக்குள் இருப்பவளிடம் யார் யோசனை கேட்கப்போகிறார்கள்? வெளியே பந்தக்கால் நடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டேன்.

கேட்டவர் மாமா ஒருவர்தான். ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது என்பதால் ஓலைக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செல்போனில் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டுவார். முதல் நாள் புல்லாங்குழல் போட்டார். கேட்டவுடன் தூக்கம் வரும் என்று எல்லோரும் சொல்லும் இசை. எனக்கு அது ஊசி. "இதுவே ஆவாதா?" என்று திகைத்துப்போனார். வயலினும் ஆகவில்லை. உச்சியில் பாடும் பெண்குரல்கள் ஆகவில்லை, தாலாட்டு உட்பட. ஆணின் கனத்த குரல் ஆனது. வீணையின் அடித்தந்தி ஆனது. தபேலா பொத்தென்று நடுவில் விழாமல் இருந்தால் அதுவும் ஆனது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவராகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். "பாட்டுக்குப் பயப்படல நீ. ஒண்ணு முடிஞ்சி அடுத்தது எப்ப வந்து விழும்னுதான் பயப்படற." அம்மாவுக்கே தெரியாத விஷயம் அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டையும் கேட்காத அளவிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே கூட்டினார். ஒன்பது நாளில் ஒன்பது பாட்டு தேறியது. அவற்றை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்றினார், ஆம்ப்ளிஃபயரில் கோடு போட்டார்.

ஆனால் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். சீர்த் தட்டைக் கோயிலிலிருந்து தலையில் சுமந்து வரவேண்டியவரும் அதே மாமாதான். அவர் தட்டோடு வரும்போது குமிழைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சித்தப்பாவை உட்கார வைத்து மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

பட்டுச்சேலையும் நகையுமாக என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாமா வந்து மாலை போடும்வரை எழக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. சீர் தெரு முனைக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு அந்த மெதுவான பாட்டு இழவு வீடு மாதிரி பட்டிருக்கிறது. பென் டிரைவை மாற்றி, கோட்டைத் தாண்டித் திருப்பிவிட்டார். கெட்ட எண்ணமில்லை, அண்ணன் வீட்டுக்குச் சீர் வருவது ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தார். எனக்கு நாற்காலி அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. எழப் பார்த்தேன். அம்மாவின் கை தோளை அழுத்தியது. கையைக் காதுக்குக் கொண்டுபோனேன், ஒரு பெரியம்மா இறக்கிவிட்டார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். அந்த ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் இன்றும் நான் அழகாகச் சிரித்திருப்பதாகச் சொல்கிறார்கள். செத்துவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்த பெண் அவள்.

மாமா சீர்த் தட்டைத் தெரு மண்ணில் வைத்துவிட்டு ஓடிவந்தார். ஒயரைப் பிடுங்கினார்.

சீர்த் தட்டை மாமன் வழியில் இறக்கக் கூடாது. இறக்கினால் பிறந்த வீட்டு உறவை இறக்கியதாக அர்த்தம். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மாமா மூச்சு வாங்கியபடி, "தட்டு எங்கயும் போவாதுங்க. புள்ள தாங்க மாட்டா," என்றார். அப்புறம் ஆறு வருடம் மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அப்பா அம்மாவையும் தம்பி வீட்டுக்கு அனுப்பவில்லை. அம்மா அதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுப்படியில் தனியாக நின்று மூக்கைச் சிந்துவார். அதைக் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்தேன். மாமா பிடுங்கியது ஒரு ஒயரைத்தான்.

இப்போது தருமபுரியில் வேலை, தனி அறை, ஓசைப்படாத மின்விசிறி என்று எனக்கு ஏற்றபடி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டேன். மாமாவுக்குக் காது போய்விட்டது. முப்பது வருடம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதால் வந்தது என்றாராம் டாக்டர். காதில் வைக்கும் மெஷின் அவருக்கு ஒத்துவரவில்லை. டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்தால்தான் அவருக்கு ஏதோ கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

போன மாதம் போனேன். வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். வீடு அமைதியாக இருந்தது. டிவியில் செய்தி ஓடியது, சத்தம் இல்லை. நான் பஸ் இறங்கிவிட்டதாகப் போன் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டார் என்றார் அத்தை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று ஒரு நாள் தாங்கிக்கொள்ளலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் கண்ணு. எனக்கு நல்லா கேக்குது," என்றார். செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.