பத்தடிக்குச் சத்தம்

எங்கள் வீட்டு டிவியைப் பார்ப்பது இரண்டு பேர், கேட்பது ஒரு தெரு. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் என்னை நிறுத்தி, "எங்க டிவிக்கு ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சுக்கா. ஒரு வாரமா ஒங்க வீட்டுச் சத்தத்துலதான் கதைய ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று நன்றி வேறு சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது வீட்டிலிருந்தபடி சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். அந்த வேலையில் அதிகம் பேச வேண்டியதில்லை. நிறத்துக்கு நிறம் நூல் சேர்ந்தால் போதும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மாவு மில்லில் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மிளகாய் அரைக்கிற மிஷினுக்கும் அரிசி அரைக்கிற மிஷினுக்கும் நடுவில்தான் நிற்கிறார். காது மந்தமாகாமல் என்ன செய்யும்? ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட முடியாது. "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. இந்தக் காலத்து ஆளுகதான் வாய்க்குள்ளயே பேசுறாக" என்பார். செய்தி வாசிக்கிறவர் வாய்க்குள்ளே பேசுகிறார், போனில் எங்கள் மகள் வாய்க்குள்ளே பேசுகிறாள், நானும் அப்படித்தான். குக்கருக்கு வாய் கிடையாது. அதனால், "இந்தக் குக்கர் விசிலே அடிக்க மாட்டேங்குது, மாத்து" என்றார். மாற்றினேன். புதுக் குக்கரும் அடிக்கவில்லை என்றார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் டிவியின் ஸ்பீக்கர் 'கர்' என்று ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஓய்ந்துபோனது. பழுது பார்க்கிறவர் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். இதற்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை என்று சொல்லி மறுபடி மூடினார். எங்கள் வீட்டுக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்ல? அது ரொம்ப நாளாவே சரியில்ல. புது டிவி ஒண்ண வாங்கு. எல்லாம் கணீர்னு கேக்கும்."

என்னைப் பயமுறுத்தியது அந்த 'எல்லாம் கணீர்'தான். இதுவரைக்கும் பழி போட ஒரு பழைய டிவி இருந்தது. புதுசு வந்து, அதுவும் கேட்கவில்லை என்றால் அவர் பாவம் யாரைச் சொல்லுவார்? பெட்டி பிரித்த அன்றைக்கே டிவியைக் குறை சொல்ல முடியுமா? 'அப்படின்னா கோளாறு எங்குட்டு இருக்கு?' என்று அவரே யோசிக்க வேண்டி வரும். மில்லில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், நடுவீட்டில் காது கேட்காமல் கையும் களவுமாக மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசில்லை. ஆகவே அவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு டிவியை நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அது எதற்காக என்று அவருக்குத் தெரியக் கூடாது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் டிவி வாங்கணும் என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிஷத்தில் போனுக்குப் பதினோரு லிங்க் வந்தது.

"கடைக்கெல்லாம் போகாதம்மா. ஒனக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அவுக எதக் காட்டுறாகளோ அதத் தலையில கட்டிருவாக. ஆன்லைன்ல போட்டா வெலையும் கம்மி, வீட்டுக்கே வந்துரும்."

அவள் சொன்னது சரிதான். ஒருமுறை பாத்திரக் கடைக்கு வடிகட்டி வாங்கப் போய், கடைக்காரர் பேச்சைத் தட்ட முடியாமல் இட்லிக் கொப்பரையோடு வந்தவள் நான். ஆன்லைனில் அந்தத் தொந்தரவு இல்லை. எத்தனை டிவியை வேண்டாம் என்று ஒதுக்கினாலும் ஒன்றும் முகம் சுளிக்காது. இரண்டு நாள், ஊசியைக் கீழே வைத்துவிட்டு, டிவி டிவியாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மகாராணி மாதிரி இருந்தது.

ஆனால் எல்லாப் படத்திலும் டிவிக்குள் மலையும் கடலும் பஞ்சவர்ணக் கிளியும்தான் இருந்தன. கிளி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது கத்தினால் எங்கள் வீட்டுக்காரருக்குக் கேட்குமா என்று தெரிய வழியில்லை. வாங்கினவர்கள் எழுதியதை வாசித்தேன். ஒருவர் 'சவுண்டு சூப்பர்' என்றார். அதே டிவிக்கு அடுத்தவர் 'சவுண்டு மோசம்' என்றார். கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. யாரும் முகம் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில், "பேசுவது தெளிவாகக் கேட்குமா?" என்று எழுதிப் போட்டேன். மறுநாள் பதில் வந்தது. "தெரியல சிஸ்டர். மச்சான் கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்தேன். பொட்டிய நான் பிரிக்கல."

மகளைக் கேட்டால், "பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிரலாம்மா" என்றாள். திருப்பி அனுப்புவதற்குள் அவர் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிடுவாரே! தவிரவும், ஏன் திருப்புகிறீர்கள் என்று அவர்கள் கொடுத்திருந்த காரணங்களில் உடைந்திருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, மனம் மாறிவிட்டது எல்லாம் இருந்தன. வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை என்பது இல்லை.

சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கும் என் காது உதவாது, அவர் காது வேண்டும். அவர் மில்லுக்குப் போன பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். குக்கர் விசில் எனக்கே கேட்காமல் போகிற வரைக்கும் பஞ்சை உருட்டி உருட்டிச் சேர்த்தேன். அந்த உருண்டை இரண்டையும் பர்ஸில் பத்திரப்படுத்திக்கொண்டு செக்காலை ரோட்டில் ஒரு கடைக்குக் கிளம்பினேன்.

கடையை இரண்டு முறை தாண்டிப் போனேன். மூன்றாவது முறை, கடைக்காரரே வாசலுக்கு வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் பேனா.

"வாங்கக்கா, இங்குட்டு வாங்க. அப்பப் பிடிச்சு அங்குட்டும் இங்குட்டும் போறீகளே, கடையத் தேடுறீகளாக்கும்?"

உள்ளே சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் அதே கிளி. சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள். நடுத்தரமான ஒன்றைக் காட்டி, வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணே, இதுல சத்தம் எப்படி?"

"சத்தமெல்லாம் கிடையாதுக்கா" என்றார், பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சத்தமே கிடையாதா?"

"எந்த டிவிக்கும் கிடையாது. நம்ம கடையில அது ஒரு பழக்கம். நேத்துக்கூடச் சாக்கோட்டைக்கு ஒண்ணு போச்சு. சத்தம் இல்லாமத்தான் போச்சு. அந்த வீட்டு அம்மாவுக்கு அம்புட்டுச் சந்தோசம்."

சாக்கோட்டைக்காரர்கள் இவ்வளவு சாதுவானவர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒக்கூர்க்காரவுகளுக்கு மட்டும் கொஞ்சம் சத்தம் வேணும்னு சொல்லிட்டேன்" என்றார். "தூரத்துக்குத் தக்கனதான சத்தம்?"

இது எனக்கு நியாயமாகப் பட்டது. "ஆமாண்ணே. எங்க வீட்டுலயும் கொஞ்சம் தூரந்தான்."

"எம்புட்டு இருக்கும்?"

"பத்தடி இருக்கும்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்தடிக்குப் போயி எவனாச்சும் சத்தம் கேப்பானாக்கா?"

"கேக்காதா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பத்தடிக்கே கேக்காதுன்னா அவ்வளவு பெரிய டிவி எதுக்குண்ணே?"

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் வண்டி வாடகைக்கும் சத்தம் என்றுதான் பெயர். சந்தைச் சாமானோடு திரும்பும்போது, 'என்ன சத்தம் வேணும்?' என்று ஆட்டோக்காரரிடம் நானே கேட்கிறவள்தான். மனுஷன் டிவியை வீட்டில் கொண்டுவந்து இறக்க வாடகை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் மண்டையில் வேறு சத்தம் புகுந்து உட்கார்ந்திருந்ததால், தினம் புழங்குகிற சொல் மறந்துபோனது.

வேறு நாளாக இருந்தால் அப்படியே வெளியே ஓடியிருப்பேன். ஆனால் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன்மையாகக் கேட்டார். "சொல்லுங்கக்கா. யாருக்குக் காது கேக்கல?"

வீட்டுக்காரருக்கு என்று எப்படிச் சொல்வது? இந்தக் கடையிலிருந்து யாராவது மாவரைக்கப் போனால் என்ன ஆகும்?

"எனக்குத்தான்" என்றேன்.

அந்தச் சொல் வாயைவிட்டுப் போனதுதான் தாமதம், அவர் குரலை ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி ஏற்றிவிட்டார். "அப்படிச் சொல்லுங்கக்கா! காது மந்தம்னு மொதல்லயே சொல்லவேண்டியதுதான! இதுல என்ன வெக்கம்!" மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வெட்கமே இல்லை என்று கத்தப்பட்டதில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் ரிமோட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில், பஞ்சு உருண்டைகளைக் காதில் செருகிக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

நாலு டிவியைப் போட்டுக் காட்டினார். செய்தி வாசிக்கிற பெண் நாலிலும் வாயை அசைத்தாள். பேச்சு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் ஐந்தாவதாக ஒரு டிவியைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பி, கீழ் ஓரத்தையும் முதுகையும் காட்டினார். ஸ்பீக்கர் துளைகள் அங்கேதான் இருந்தன.

"டிவி ஒல்லியாப் போச்சுல்லக்கா! முன்னால எடமில்ல! சுவத்தப் பாத்துப் பேசுது! மனுசங்களுக்கு எப்படிக் கேக்கும்!"

பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து டிவிக்கு முன்னால் வைத்தார். சவுண்டு பார் என்றார். பட்டனைத் தட்டினார். பஞ்சையும் தாண்டி அந்தப் பெண், வைகையில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பற்றி என் காதுக்குள் வந்து சொன்னாள். பத்தடி எண்ணித் தள்ளி நின்று பார்த்தேன். அங்கேயும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள், அன்றைக்கு நாலு டிவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐந்தாவதை அந்தப் பெட்டியோடு வாங்கினேன்.

மறுநாள் காலையில் கடைக்காரரே மாட்டுவதற்கு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அக்கா! சத்தத்தக் கூட்ட இந்தப் பொத்தான்! தெரியுதா!" என்று ஆரம்பித்தார் கடைக்காரர். வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் குனிந்து, "இந்த மனுசன் எம்புட்டுத் தெளிவாப் பேசுறாரு பாத்தியா? பேச்சுன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார்.

வேலை முடிந்ததும் கடைக்காரர் அவர் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் கேட்டார். "எத்தன வருசமாண்ணே அக்காவுக்கு இப்படிக் காது கேக்கல?"

நான் காப்பித் தம்ளரோடு நின்றேன். வீட்டுக்காரர் புன்னகையோடு தலையாட்டினார். "சீனி கம்மியாத்தான் போடுவா. தாராளமாக் குடிங்க."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பைத் திருகினேன். கடைக்காரர் காப்பியை வாங்கிக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்ப்பது போல் நின்றுகொண்டு, முகத்தை மட்டும் வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் திருப்பி, முன்னைவிட ஒரு மடங்கு அதிகமாகக் கத்தினார். "அக்கா! புது டிவி எல்லாமே சுவத்தப் பாத்துத்தான் பேசுது! கேக்கலைன்னா அது ஆளுக குத்தமில்ல! போன் போடுங்க, நானே வந்து சரி பண்ணித் தாரேன்!"

"நல்ல மனுசன்" என்றார் வீட்டுக்காரர், அவர் போன பிறகு.

அன்று சாயங்காலம் எங்கள் தொடர் வந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். சத்தத்தைப் பாதியில்தான் வைத்திருந்தேன். அவர் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். எனக்குப் பக்கென்றது. விளம்பரம் வந்ததும் திரும்பினார்.

"ஏத்தா, இந்த மாமியாக்காரி உசுரோடயா இருக்கா?"

"இருக்காகளே."

"போன வருசம் ஆஸ்பத்திரியில செத்துப்போச்சுல்ல? படத்துக்கு மாலையெல்லாம் போட்டாக."

"அது அவுக ரெட்டைப் பிறப்பு அக்கா படம். இவுக பொழச்சு வந்துட்டாக."

"நான் ஆவின்னுல்ல நெனச்சேன்! அதான் அந்த வீட்டுல அது பேசுறத யாருமே காதுல வாங்க மாட்டேங்குறாகன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவராகவே கட்டிவைத்திருந்த ஒரு வருடக் கதை அவர் வாயாலேயே வெளியே வந்து விழுந்துவிட்டது. நான் விளம்பரத்தைப் பார்த்தேன். அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிவியில் யாரோ சட்டைக் கறையை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பூராவும் கேக்கலத்தா" என்றார் மெதுவாக. "ரொம்ப நாளாவே."

நான் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியதைக் கேட்டேன். "அப்ப அந்த மருமகள யாருன்னு நெனச்சீக?"

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவளா? அவ மாறுவேசத்துல வந்திருக்க போலீசு."

தொடர் மறுபடி ஆரம்பித்து ஓடிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிளா, இன்ஸ்பெக்டரா என்று கேட்டேன்.