கண்ணுக்கு எத்தனை தண்ணீர்

அர்ஜுனனுக்கு ஐம்பத்தாறு வயது. ஐயம்பேட்டையில் பட்டுநூலுக்குச் சாயம் தோய்க்கிற பட்டறையில் முப்பது வருடமாக நிறம் பார்ப்பவர். அரக்குச் சிவப்பில் ஒரு பொடி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று நூலை வெயிலில் ஒரு உதறு உதறிச் சொல்லிவிடுவார். கடந்த நான்கு வருடமாக இடது கண் ஒன்றை வைத்துத்தான் சொல்கிறார்.

வலது கண் போனது ஒரு திங்கட்கிழமை காலை. அண்டாவில் ஒட்டிய பழைய சாயத்தைக் கழற்றக் காஸ்டிக் சோடாவைக் கொட்டினார். தண்ணீர் சீறித் தெறித்தது. தோய்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சோடா ஏறிய நூலைப் புளிப்புத் தண்ணீரில் முக்கினால் காரம் அடங்கும். அர்ஜுனன் அதே கணக்கைக் கண்ணுக்கும் போட்டார். ஒரு கை தண்ணீர் அடித்துக்கொண்டு, ஆள் அனுப்பி எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்தார். சாயங்காலத்துக்குள் கருவிழி வடித்த கஞ்சியாக வெளுத்துவிட்டது.

கண் போன வருத்தம் ஆறு மாதத்தில் பழகிவிட்டது. கணக்கு எங்கே தப்பியது என்பது மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று டாக்டர்களிடம் கேட்டார். மூவரும் சொட்டு மருந்துதான் எழுதினார்கள். நான்காவதாகச் சென்னையில் பார்த்த ஜெயப்ரியா டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரசாயனம் பட்ட கண்ணை எப்படித் தேற்றுவது என்று ஆராய்ச்சி செய்கிறவர் அவர்.

"பழம் வர எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கால் மணி இருக்கும்மா."

"அந்தக் கால் மணியும் சோடா உள்ள போயிட்டே இருந்திருக்கு. பழம் அதுக்கு மேல ஒரு புண்ணு. வெறும் தண்ணியத்தான் ஊத்தணும், அரை மணி நேரம், விடாம."

ஒரு காகிதத் துண்டையும் காட்டினார். கண்ணோரத்தில் தொட்டால் காரம் மிச்சமிருக்கிறதா என்று நிறம் மாறிச் சொல்லுமாம். அர்ஜுனன் சிரித்துவிட்டார். பட்டறையில் நூல் அலசிய தண்ணீரில் மஞ்சள் கிழங்கு பூசிய துணியை நனைத்துப் பார்ப்பார்கள். துணி சிவந்தால் காரம் போகவில்லை; இன்னொரு தண்ணீர் மாற்ற வேண்டும்.

"நூலுக்கு ஏழு தண்ணி மாத்தறோம்மா. கண்ணுக்கு ஒரு கை அடிச்சிட்டு, பழம் தேடிக்கினு இருந்திருக்கேன்," என்றார்.

கண்ணில் பட்டவுடன் முதலில் எதை ஊற்றினார்கள் என்று வருகிறவர்கள் யாருமே சரியாகச் சொல்வதில்லை என்று டாக்டரம்மா குறைப்பட்டார். அர்ஜுனன் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் மொபெட்டில் பட்டறை பட்டறையாகப் போய் விசாரித்தார். மூன்றாவது வரைதான் படிப்பு. எழுத்துக்குப் பதில் நூல். தண்ணீர் ஊற்றியவருக்கு வெள்ளை நூல், எலுமிச்சைக்கு மஞ்சள், விளக்கெண்ணெய்க்குப் பச்சை, தாய்ப்பாலுக்குச் சிவப்பு. ஊற்றிய ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு முடிச்சு. பார்வை தேறியிருந்தால் நூலை முழ நீளம் விடுவார். போயிருந்தால் பாதியில் நறுக்குவார்.

பக்கத்துப் பட்டறை மாணிக்கவேல் வழி மறித்துக் கேட்டான். "எனக்குப் பல்லு வலிக்குதுப்பா. அதையும் ஒரு நூல்ல கட்டிக்கினு போறியா?"

"கறுப்பு நூலு தீந்துபோச்சு. அடுத்த வாரம் வா," என்றார் அர்ஜுனன்.

முப்பத்தேழு நூல் சேர்ந்ததும் டாக்டரம்மாவின் மேசையில் பரப்பினார். மஞ்சளில் முக்கால்வாசி கட்டை. வெள்ளையில் ஒற்றை முடிச்சுப் போட்டவை கட்டை. முடிச்சு கூடக்கூட முழ நூல்களே அதிகம். டாக்டரம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார். முப்பத்தேழு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் வேண்டும் என்றார். ஆனால் ஒரு நூலைக்கூடக் கலைக்காமல் படம் எடுத்துக்கொண்டார்.

அன்றே அவருடைய கண்ணைப் பற்றியும் பேச்சு வந்தது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து எள்ளளவு திசு எடுத்து, கெட்ட கண்ணில் பதியம் போடலாமாம். அடியில் விரிப்பது பிரசவத்தில் கிடைக்கிற பனிக்குடச் சவ்வு. குழந்தை இருந்த பையா கண்ணுக்குள் போகிறது என்று அர்ஜுனன் வியந்தார். அது என்ன நிறம், எவ்வளவு கனம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். சம்மதம் மட்டும் சொல்லவில்லை. நல்ல கண்தான் அவருக்குச் சோறு. அதில் அரக்கு மங்கினால் பட்டறையில் அவருக்கு வேலை இல்லை.

ஒரு வருடம் தள்ளிப்போட்டார். அதற்குள் மகள் தீபிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அபிநயா என்று பெயர் வைத்தார்கள். அர்ஜுனன் தெருவுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தார். முப்பதாம் நாள் குழந்தையை வலது கையில் ஏந்தி அறைக்குள் நுழைந்தபோது, கதவு நிலை அந்தப் பக்கம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. மனைவி அங்கம்மாள் கையைக் குறுக்கே விட்டாள். பிஞ்சுத் தலை விரற்கடையில் தப்பியது. அதன் பிறகு குழந்தையை அவருடைய இடது பக்கமே கொடுத்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரண்டு நூல் கண்டிகளை அரக்கில் தோய்த்தார். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை கறுப்பு. எது எது என்று அங்கம்மாளிடம் மட்டும் சொல்லி ஒளித்து வைக்கச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, வலது கண்ணில் கட்டோடு வெயிலில் நின்று இரண்டையும் உதறினார். தப்பாமல் சொல்லிவிட்டார். அங்கம்மாள் மாற்றி மாற்றிக் கொடுத்து நான்கு தடவை சோதித்தாள். நான்கும் சரி.

ஆபரேஷன் ஆன மூன்றாம் மாதம், குழந்தையை வலது பக்கம் தரச் சொல்லி வாங்கினார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா தெரியுது?" என்றாள் அங்கம்மாள்.

"சட்டை செவப்பு. மட்டமான சாயம், அலசிட்டுப் போடு." இன்னும் கிட்டே கொண்டுபோனார். "கறுப்பா ரெண்டு கண்ணு இருக்குது. மூக்கு யாரோடதுன்னு இந்தக் கண்ணு இன்னும் சொல்லல. அடுத்த மாசம் கேட்டுப் பாக்கலாம்."