கொழுந்தனார் கேள்வியும் அம்மன் பதிலும்

அம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். போன புரட்டாசியில் ஒரு நாள், எங்கள் ஊர் மாரியம்மன் சந்நிதியில் கைகூப்பி நின்ற எனக்கு வேண்டுதலே வாயில் வரவில்லை. கல்யாணமாகி நாரணாபுரம் வந்த நாளிலிருந்து அப்படி ஆனதே இல்லை. அழுகைதான் வந்தது.

காரணம் என் கொழுந்தனார் செல்வம். சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறோம். அவரும் என் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கொழுந்தனாருக்குச் சாமி கிடையாது. அதைச் சொல்லாமல் அவருக்கு இட்லி இறங்காது. உலகத்தைப் படைக்க ஒருவர் வேண்டாமா என்று நான் கேட்டால், படைத்தவரைப் படைத்தது யார் என்பார். நானும் லேசில் விடமாட்டேன். தட்டில் சட்னி காயும் வரை மல்லுக்கட்டுவோம்.

அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தீபாவளி சீசன். லாரிக்குச் சொல்லியாயிற்று, சரக்கு காய்ந்தாக வேண்டும். மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளக் கிளம்பினேன்.

"மதினி, ஒரு நிமிசம்" என்றார் கொழுந்தனார். "மல்லாங்கிணத்துல ஒங்க அப்பா வெதச்சுட்டு மழை கேக்காக. நீங்க இங்கன மழை வேண்டாங்கீக. ரெண்டு பேருக்கும் ஒரே மாரியம்மா. அவ யாரு பேச்சக் கேப்பா?"

"அங்கன பெய்யட்டும், இங்கன வேண்டாம்னு கேப்பேன்."

"இங்கனயும் வெதச்சவுக இருக்காகள்ல?"

அந்தக் கேள்வியோடுதான் கோயிலுக்கு வந்தேன். என் சரக்குக்காக இன்னொருத்தி விதைத்த காட்டைக் காயப்போடச் சொல்வதா? வெகுநேரம் கழித்து, "தாயே, மழையை நீ பாத்துக்கோ. கம்பெனிக்குள்ள போன அம்புட்டு பேரும் வீடு திரும்பணும்" என்று மட்டும் கேட்டேன்.

வெளியே வந்தால் தூரத்தில் இடி உருண்டது. இடி கேட்டதும் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டு, சரக்கை அள்ளியாச்சா என்று கேட்பதுதான் என் வழக்கம். அன்று வேறு வார்த்தை வந்தது. போனை எடுத்த வீட்டுக்காரரிடம், "சரக்கு நனைஞ்சா நனையட்டும். மொதல்ல ஆளுகள வெளிய அனுப்புங்க" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார்.

அந்த நேரம் கொழுந்தனாரும் நாலைந்து பேரும் சரக்கை அள்ள, அதைக் காயப்போடும் மேடைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சத்தம் போட்டு எல்லோரையும் திருப்பி, கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தார்.

கடைசி ஆள் வெளியே வந்ததும் அந்த மேடை மேல் மின்னல் விழுந்தது. காயப்போட்ட சரக்கு மொத்தமும் வெடித்தது. கோயில் வாசலில் என் காலடியில் தரை அதிர்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

மறுநாள் இட்லித் தட்டு முன்னால் கொழுந்தனார் மெல்லத் தொடங்கினார். "காப்பாத்துனது ஒங்க போன்தான் மதினி. அம்மன் இல்ல."

"மழை வேண்டாம்னு வேண்டியிருந்தா அந்தப் போன்ல என்ன சொல்லியிருப்பேன் தம்பி? சரக்க அள்ளுங்கன்னுதான?"

இட்லியைச் சட்னியில் தொட்டார். "அப்ப வேண்டுதல மாத்துனது என் கேள்வி."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அந்தக் கேள்விய ஒங்க வாயில வச்சது யாரு?"

"இது போங்கு மதினி" என்று சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், "பக்கத்து ஊரு பட்டாசுக் கம்பெனி விபத்துல செத்துப்போனவுக வீட்லயும் வேண்டிக்கிட்டுத்தான இருந்திருப்பாக?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் அம்மன் காலடியில் வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் மழையைப் பற்றி அவளிடம் நான் பேசுவதில்லை. ஆட்களுக்காகத்தான் வேண்டுகிறேன். எங்கள் கம்பெனியிலும் இடி கேட்டால் ஆள்தான் முதலில், சரக்கு அப்புறம். சாமி இல்லை என்று வாதாடுகிறவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் அவர் வாயை அடைக்காதீர்கள். அவர் கேள்வியோடு போய் அவள் முன்னால் நில்லுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அவளே சொல்லித் தருவாள்.

மின்னல் விழுந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை தேங்காய் உடைக்கப் போனேன். அர்ச்சனை யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டார். கொழுந்தனார் பெயரைச் சொன்னேன். அந்தத் தேங்காயில் அரைத்த சட்னியை அவர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த கேள்வியைத் தொடங்கினார்.